கைநாட்டு

தம்புச் செட்டித் தெரு, ஜெராக்ஸ் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
இருபத்தியொரு வருஷமாக அங்கே நான் குமாஸ்தா.
உடம்பைக் காகிதமாக்குவது என் வேலை.
கால் ஒடிந்தவர்கள் படியேறித்தான் வரவேண்டும்,
லிஃப்ட் கிடையாது.
வக்கீல் பெருந்தேவி அம்மாவிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

எல்லையம்மாவுக்குக் கால் நன்றாக இருந்தது.
கைதான்.

காசிமேட்டில் மீன் அரிகிறவள்.
எண்ணூர் விரைவுச் சாலை, விடிகாலை நாலே கால்,
ஷேர் ஆட்டோக் கம்பியைப் பிடித்திருந்த இடக்கையை
ஒரு கன்டெய்னர் லாரி
உரசிவிட்டுப் போனது.
உரசி என்றுதான் எஃப்.ஐ.ஆரில் இருக்கிறது.
"உரசினா பெருவிரல் பூடுமா சார்?" என்று கேட்டாள்.
எழுதிய ஏட்டய்யா மாற்றலாகிப் போய்விட்டார் என்றேன்.

ஸ்டான்லியில் கட்டுப் போட்ட அன்றைக்கே
ஆரஞ்சுப் பழத்தோடு ஒருத்தன் வந்தானாம்.
ஃபீஸ் வேண்டாம், வருவதில் பாதி போதும், அக்கா,
இந்த வெள்ளைத் தாளில் ஆறு இடத்தில் கைநாட்டு.
மயக்கம் தெளியாமலே இவள்,
"எந்த விரலை வெக்கட்டும்?"
பழத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எங்கள் வக்காலத்திலும் அதே அச்சு:
இடது பெருவிரல் ரேகை.
வலதை வைக்கலாம் என்றார் அம்மா.
மைப்பெட்டியில் அழுத்தி உருட்டினேன்.
செதில் சுரண்டிச் சுரண்டித் தேய்ந்துபோன விரல்,
ஒரு கோடு இல்லை, சுழி இல்லை,
கறுப்பாய் ஒரு முட்டை விழுந்தது.
கடைசியில் இடது சுட்டுவிரல்.
'பெருவிரல்' என்பதை அடித்து, மேலே எழுதி,
பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன்.
ஏழு இடத்தில்.

மெடிக்கல் போர்டு முப்பது சதவீதம் என்றது.
மீதி எழுபதை வைத்து
ஒரு வஞ்சிரத்தை அரிந்து பார்க்கச் சொல்லுங்கள்.
செவுளுக்குள் பெருவிரல் கொடுத்துப் பிடிக்காவிட்டால்
அரிவாள்மணையில் மீன் நிற்காது,
செத்த பிறகும் நழுவும்.
இதை நான் மனுவில் எழுதினேன். அம்மா வெட்டிவிட்டார்,
கோர்ட்டுக்குச் சமையல் வேண்டாம் என்று.

சிறு வழக்குகள் நீதிமன்றம்.
அந்தப் பலகையைத் தாண்டும்போதெல்லாம்
படிக்கத் தெரியாதவர்களுக்காக
ஒரு நிமிஷம் நிம்மதியாக இருக்கும் எனக்கு.

இன்ஷூரன்ஸ் வக்கீல் மரியாதையானவர்.
"நாளைக்கு ஆயிரம் ரூபாய் சம்பாதித்தீர்கள். சரிம்மா. ஆதாரம்?
பாஸ்புக்? ரசீது? முதலாளி சான்றிதழ்?
நீங்கள் மீன் அரிந்தீர்கள் என்பதற்கே
இந்தக் கட்டில் ஒரு தாள்கூட இல்லையே."

அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.
டவாலி வைத்திருந்த மைப்பெட்டியைக் கேட்டு வாங்கினாள்.
வலது பெருவிரலை ஒற்றி
வெள்ளைத் தாளில் வைத்து
மேஜைமேல் தள்ளினாள்.
"இத்தப் பாருங்க ஐயா.
ரேசன் கடை மிசினு ரெண்டு வருசமா
நான் ஆளே இல்லன்னு சொல்லுது.
சும்மா குந்திக்கினு இருந்தா இப்டித் தேயுமா?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.
மின்விசிறி அந்தத் தாளைத் தூக்கப் பார்த்தது,
பேனாவை மேலே வைத்தார்.
சான்றாவணம் என்று எண் போடவில்லை,
போட அம்மாவும் கேட்கவில்லை.
மறு வாய்தா.

தீர்ப்பில் வேலையை ஒத்துக்கொண்டார்கள்.
வருமானத்தை யூகித்தார்கள்:
மாசம் பன்னிரண்டாயிரம்.
ஆயிரம் எப்படி நானூறாச்சு என்று
படியில் உட்கார்ந்து கேட்டாள்.
வலி வேதனைக்குத் தனித் தலைப்பில் பணம் உண்டு,
போக்குவரத்துக்கு உண்டு, சத்துணவுக்கு உண்டு என்று
வரிவரியாகப் படித்துக் காட்டினேன்.
"இதெல்லாம் எப்போ வரும்?"

கம்பெனி அப்பீல் போயிருக்கிறது.

இன்றைக்கு வரச் சொல்லியிருந்தேன், புது வக்காலத்துக்கு.
பிரஸ்காரன் பழைய அச்சையே அடித்திருக்கிறான்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
மீன் வாடையும் செருப்புச் சத்தமும் சேர்ந்து வந்தபோது
பேனாவை எடுத்து
அந்த ஒரு சொல்லை முன்கூட்டியே
அடித்துவைத்தேன்.